முட்டைக்குள் மூன்று எழுத்து

அடுத்த கட்டுரைக்கு என்ன தலைப்பு என்று குழுவில் கேட்டாங்க. "பெல்ஜியத்துல செஞ்ச பழைய ரிவால்வர்" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் ஒன்னும் சொல்லல. பிறகு ஒரு தோழி மட்டும், "ஊவாவுல எழுதுறதுக்கு வேற விஷயமே இல்லையா?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். பதுளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்த ஒருத்தர் எழுத வேண்டியது லயத்துக் கூரையைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, காணி உறுதியைப் பற்றி. இதுவும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். கொஞ்சம் சுற்றிப் போகிறேன், கூட வாங்க.

எங்க தாத்தாவுக்குப் பதினைந்து வயசில் தோட்டத்து பங்களாவில் வேலை கிடைத்தது. குசினிக்கு விறகு கொண்டுவருவது, சப்பாத்து துடைப்பது, துரையின் சாமான்களைத் தூசி தட்டுவது. தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு ரொம்ப முந்தி, வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் இருந்த காலம். துரையின் அறையில் ஒரு மேசை லாச்சி. அதற்குள் ஒரு சின்னத் துவக்கு. (தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு: துவக்கு என்றால் துப்பாக்கி.) மாசத்துக்கு ஒரு தடவை துரை அதை வெளியே எடுத்து, குண்டுகளைக் கழற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாத்தாவிடம் எண்ணெய் போட்டுத் துடைக்கக் கொடுப்பாராம். பழசு. அவருக்கு முன்னால் இருந்த துரை விட்டுவிட்டுப் போனது என்று அப்பு சொல்லியிருக்கிறார்.

தாத்தாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் துடைத்துத் துடைத்து அந்த இரும்பு அவருக்கு மனப்பாடம். "அஞ்சு ஓட்ட. விசைய இழுத்தா உருள தானா சுத்தும். கைக்குள்ள அடங்கிரும். ஒடம்புல ஒரு முட்ட போட்டு, அதுக்குள்ள மூணு எழுத்து, கீழ ஒரு நட்சத்திரம், தலையில ஒரு கிரீடம். ராசா முத்தர அது." விறகுக் கரியை எடுத்துச் சிமெந்துத் தரையில் வரைந்தும் காட்டுவார். முதல் எழுத்து மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி, இரண்டாவது ஒரு மூலை, மூன்றாவது வளைந்த கொக்கி.

அவர் காலமான பிறகுதான் ஒரு பழைய ஆயுதங்களைப் பற்றிய புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஈ, எல், ஜி. அது எந்த ராசாவுக்கும் சொந்தமான முத்திரை இல்லை. பெல்ஜியத்தில் உள்ள லியேஜ் என்ற நகரத்தின் சோதனைச் சாலை அடித்த முத்திரை. "லியேஜில் சோதிக்கப்பட்டது" என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. தலையில் உள்ள கிரீடத்தை 1893இல்தான் சேர்த்தார்கள். ஆக, தாத்தா துடைத்த துவக்கு அதற்குப் பிறகு சோதனைக்குப் போனது. அந்த ஒரு முட்டையை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்ல முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சோதனை எப்படி என்றால், குழலுக்குள் வழக்கத்தைவிடக் கூடுதலாக மருந்தை அடைத்து, ஆள் தள்ளி நின்று வெடிக்க வைப்பார்கள். குழல் பிளக்காவிட்டால் முத்திரை. பிளந்தால் பழைய இரும்பு. லியேஜில் இந்த வழக்கம் 1672இலிருந்தே இருக்கிறது. அந்தப் பகுதி பிரான்ஸின் கையில் இருந்தபோது, 1810இல் நெப்போலியன் போட்ட ஆணை அதைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு முத்திரை இல்லாமல் ஒரு துவக்கும் அங்கிருந்து விற்பனைக்குப் போகக் கூடாது. வாங்குகிறவர் கையில் அது வெடித்துச் சிதறாது என்பதற்கு அந்த முட்டை உத்தரவாதம். யார் மேல் சுடப்போகிறார் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

அடுத்தது அந்த ஐந்து ஓட்டை. தாத்தா சொன்ன அளவையும் அமைப்பையும் வைத்துப் பார்த்தால் அது 'புல்டோக்' ரகம். 1872இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் வெப்லி நிறுவனம் கொண்டுவந்த வடிவம். குழல் ரொம்பக் கட்டை. பிடி சின்னதாய், கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். ஆறுக்குப் பதில் ஐந்து குண்டு, அப்போதுதான் உருளை மெலிசாகி கோட்டுப் பைக்குள் போகும். பின்பக்கம் வலது புறத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து ஒவ்வொரு குண்டாகப் போட வேண்டும், சுட்ட பிறகு வெற்றுத் தோட்டாக்களை ஒரு கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள வேண்டும். நிரப்ப நேரம் எடுக்கும். ஆனால் சுட நேரம் எடுக்காது. விசையை ஒரே இழுப்பு இழுத்தால் சுத்தியல் எழும்பி, உருளை ஓர் அறை நகர்ந்து, சுத்தியல் விழும்.

கட்டைக் குழல் துவக்கால் தூரத்தில் குறி வைக்க முடியாது. மரையோ பன்றியோ சுட அது உதவாது, அதற்கென்று பங்களாச் சுவரில் நீளத் துவக்குகள் வேறு தொங்கின. இது நாலைந்து அடி தூரத்துக்கானது. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்காகச் செய்த சாமான். பங்களா மேசைக்கு அந்தப் பக்கம் யார் நிற்பார்கள்? லீவு கேட்டு வந்தவர், சம்பளக் கணக்கு கேட்டு வந்தவர், பேர் வெட்டுப்பட்டவர். தாத்தாவின் துரை யாரையும் அதால் சுட்டதாகக் கதை இல்லை. லாச்சி பாதி திறந்திருப்பதே போதும் என்பார் தாத்தா.

'புல்டோக்' விற்பனை சூடுபிடித்ததும் லியேஜ் பட்டறைகள் அதைப் பிரதியெடுக்கத் தொடங்கின. விலை மலிவு. வாங்குகிற நாட்டுக்கு ஏற்றமாதிரி பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். பெல்ஜியத்தில் செய்த சாமானில் 'பிரிட்டிஷ் புல்டோக்' என்று இருக்கும், அமெரிக்காவுக்குப் போனால் 'அமெரிக்கன்' என்று இருக்கும். லியேஜில் பெயர் பெற்ற செய்வினைஞர்களும் இல்லாமல் இல்லை. பிராங்கோட் குடும்பத்துச் சாமான்களுக்கு நல்ல மதிப்பு. எமில், லியோன் என்ற நாகான் சகோதரர்கள் செய்த 1895 மாதிரியை ரஷ்ய ராணுவம் எடுத்துக்கொண்டது. ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி எப்போதும் உண்டு, அதன் வழியே புகையும் விசையும் கசியும். நாகான் ரிவால்வரில் சுத்தியல் எழும்பும்போதே உருளை முன்னால் நகர்ந்து அந்த இடைவெளியை மூடிவிடும். கெட்டிக்கார வேலை. ஆனால் இவர்கள் எல்லாம் முதலாளிகள். பெயர் இருக்கும் ஆட்கள்.

துவக்கை உண்மையில் செய்தவர்கள் வேற. இதை வாசித்தபோதுதான் எனக்குப் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் போனது.

லியேஜின் ஆயுதத் தொழில் 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் வீடுகளில்தான் நடந்தது. பெரிய முதலாளி என்றால், உதிரிப் பாகங்களை வெளியே கொடுத்துச் செய்வித்து, சேர்த்து விற்கிறவர். குழல் ஒரு கிராமத்தில், விசைப்பொறி இன்னொரு வீட்டில், பிடிக்கு மரம் செதுக்குகிறவர் வேறு தெருவில், மெருகு போட, பூ வேலை வெட்ட இன்னும் ஆட்கள். நகரத்தைச் சுற்றியிருந்த மலைச் சரிவுகளிலும், வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் வீட்டுக்கு வீடு ஜன்னலோரம் ஒரு மேசை, அதில் ஒரு பிடிகருவி, கையில் அரம். சம்பளம் நாளுக்கு இல்லை, பாகத்துக்கு இத்தனை என்று. விளக்கெண்ணெய் செலவு அவர்களுடையது. அரம் தேய்ந்தால் புது அரமும் அவர்கள் காசில். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கைகொடுப்பார்கள். ஆர்டர் குறைந்தால் வேலை இல்லை, கேட்க ஆள் இல்லை.

அந்த நகரத்தில் முதுகில் கூடை கட்டிக்கொண்டு நிலக்கரியும் சரக்கும் மேட்டு வழியில் சுமந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு 'பொத்ரெஸ்' என்று தனிப் பெயர். பழைய தபாலட்டைகளில் அவர்களின் படம் இருக்கும். முதுகில் கூடை, இடுப்பில் கைகள், கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். ஊவாவின் பழைய தபாலட்டைகளில் நம்ம பாட்டிமார் நிற்பதும் அப்படித்தான். அந்தப் படங்களிலும் தோட்டத்தின் பேர் இருக்கும், பெண்ணின் பேர் இருக்காது.

இரண்டு இடத்திலும் காலம்கூட ஒன்றுதான். 1869க்குப் பிறகு இலை நோய் வந்து கோப்பி அழிய, இந்த மலைகளில் தேயிலை ஏறியதும், லியேஜிலிருந்து மலிவு ரிவால்வர்கள் உலகம் முழுக்கப் போனதும் ஒரே தலைமுறைக் கதை. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பத்தன்னையை வாங்கினார். தேயிலையும் வீட்டில் செய்த துவக்கும் ஒரே மாதிரி வேலை செய்தன. பல நூறு கைகள் சேர்ந்து செய்தது, கடைசியில் ஒரு பெயரோடு கடைக்குப் போனது. பக்கெட்டில் லிப்டன். குழலில் 'பிரிட்டிஷ் புல்டோக்'.

லியேஜ் முத்திரைகளில் இன்னொன்று இருக்கிறது. 1877இலிருந்து, சோதனையைப் பார்த்த பரிசோதகர் யார் என்று தெரிவதற்கு, நட்சத்திரத்துக்குக் கீழே அவருக்கென்று ஒரு எழுத்தை அடித்தார்கள். பரிசோதகருக்கு ஓர் எழுத்து உண்டு. குழலை அராவினவருக்கு வெளியில் ஒன்றும் இல்லை. ஆனால் சில துவக்குகளில் பிடியைக் கழற்றினால், வாங்கினவர் கண்ணுக்குப் படாத இடத்தில், சின்னதாய் இரண்டு முதலெழுத்து வெட்டியிருக்கும். கூலிக் கணக்குக்காக வெட்டியதோ, வேறு எதற்காகவோ, செய்தவரில் மிச்சம் இருப்பது அதுதான்.

நம்ம தொழிற்சாலைகளில் 'டீ மேக்கர்' என்று ஒரு பதவி இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். தேயிலை செய்பவர் என்று அர்த்தம். கொழுந்து வாடுவதையும் அரைபடுவதையும் நொதிப்பதையும் பார்த்து நேரம் சொல்கிற உத்தியோகத்தர். திறமை வேண்டிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் விடிய எழும்பி மலைக்குப் போய், இரண்டு இலையும் ஒரு குருத்துமாகப் பார்த்துக் கிள்ளினவர் தேயிலை செய்பவர் இல்லை. அவர் கொழுந்து எடுப்பவர்.

இப்போது 'பேர்' என்ற சொல்லுக்கு வருகிறேன். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் உன் பெயருக்கு நேரே அன்றைய வேலை பதிந்தால் "பேர் விழுந்துச்சு". சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் "அரைப்பேர்". எத்தனை கிலோ என்பது தோட்டத்துக்குத் தோட்டம், சீசனுக்குச் சீசன் மாறும். வெயில் காலத்தில் மலை காய்ந்து கிடக்கும்போது எடுக்க இலை இருக்காது, ஆனாலும் மடுவத்தில் தராசு அதே கணக்கைத்தான் கேட்கும். எங்க அம்மா ஒரு நாள் சாயந்திரம் வந்து கூடையை வைத்துவிட்டு, "இன்னைக்கு எனக்கு அரைப்பேருதான்" என்றார். முழு நாள் நின்றவருக்கு எப்படி அரைப்பேர் என்று தங்கச்சி கேட்டாள். இரண்டாம் வகுப்பில் படிக்கிறவள். அவளுக்குப் பேர் என்றால் பெயர்தான். பாதிப் பெயரை எப்படி எழுதுவார்கள் என்று அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

எழுதுவார்கள். எங்க பாட்டியின் பெயர் செக்ரோலில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. ஓர் எழுத்து வித்தியாசம். சேமலாப நிதியை எடுக்கப் போனபோது இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்தவர், தான் தான்தான் என்று நிரூபிக்க பதுளைக்கு நாலு தடவை பஸ் ஏறினார். நம்மில் நிறையப் பேர் வீட்டில் இந்தக் கதை இருக்கும்.

பெயர் நிலைப்பது செய்தவருக்கு இல்லை என்றால், யாருக்கு? சுட்டவருக்கு. பதுளை நகரத்தில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறதே, அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டியது. பதுளையில் அதிகாரியாக இருந்தவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தவர். அவர் கையில் இருந்த துவக்குகளை யார் அராவினார்கள் என்று எந்தச் சுவரிலும் இல்லை. கவிதை வாசிப்பவர்களுக்கு வெர்லேன், ரம்போ கதை தெரிந்திருக்கும். 1873 ஜூலை 10, பிரசெல்ஸில் வெர்லேன் ஒரு ரிவால்வர் வாங்கி ரம்போவைச் சுட்டார். மணிக்கட்டில் காயம். அந்த ரிவால்வர் 2016இல் பாரிஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்குப் போனது. தமிழருக்கு இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால், 1911 ஜூன் 17, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்து பிரவுனிங் பிஸ்டலால். அது ரிவால்வர் இல்லை, புது ரகம். லியேஜுக்குப் பக்கத்தில் எர்ஸ்தாலில் 1889இல் தொடங்கிய எஃப் என் தொழிற்சாலைச் சாமான். ஒரே ஊர்ச் சாமான் ஒரு இடத்தில் துரையின் லாச்சியில் இருந்தது, இன்னொரு இடத்தில் துரையை நோக்கி நீண்டது.

இதனால்தான் எனக்கு ஒரு சங்கடம். அந்த வீட்டுத் தொழிலாளிகள் நம்மைப் போன்றவர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அவர்கள் செய்தது தேயிலை இல்லை. நம்ம ஆட்கள் மேல் நீட்டுவதற்கான சாமான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். சம்பள உயர்வு கேட்டதற்கு. அதே வருஷம் மே மாதம், பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள், துரை அந்தக் குழுவைக் கலந்துதான் காரியம் பார்க்க வேண்டும் என்ற நிலை வந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்களே ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள் என்று இடதுசாரி இயக்க வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. பிறகு வெள்ளம் வந்து ஊவா ஒரு வாரத்துக்கு மேல் துண்டிக்கப்பட்டுக் கிடக்க, பொலிஸ் அடக்குமுறையும் சேர, போராட்டம் ஒடுங்கியது. துவக்கின் வாய்ப்பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதை அராவினவருக்காக எதற்கு மனசு இளக வேண்டும்?

எனக்கு இதற்கு விடை கிடைத்தது அதே ஊரிலிருந்துதான். 1966 பெப்ரவரி 16, எர்ஸ்தாலின் எஃப் என் தொழிற்சாலையில் பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். 3,000 பேர் அளவில். அவர்களை அங்கே 'இயந்திரப் பெண்கள்' என்றுதான் சொல்வார்கள், அவர்களும் எண்ணெய்க்கும் சத்தத்துக்கும் நடுவில் அந்த இயந்திரங்களோடு நின்றவர்கள். கேட்டது ஒன்றுதான்: ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். 12 வாரம் நின்றார்கள். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் ஐரோப்பா முழுக்கச் சம ஊதியப் பேச்சு சூடுபிடித்ததற்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம்.

நம்ம தோட்டங்களில் பெண்ணின் நாட்சம்பளம் ஆணுக்குச் சமமானது 1984இல். அதுவரை அதே மலையில், அதே மழையில், பாட்டிக்குத் தாத்தாவைவிடக் குறைவு. எர்ஸ்தாலுக்கு 18 வருஷம் பிந்தி வந்திருக்கிறோம், அதுவும் போராடித்தான்.

துவக்கை நான் மன்னிக்கவில்லை. ஆனால் துவக்கைச் செய்தவளுக்கும் கொழுந்து எடுத்தவளுக்கும் ஒரே கணக்குப் புத்தகம் என்பது எனக்கு இப்போது தெரியும். பாகத்துக்கு இத்தனை, கிலோவுக்கு இத்தனை. சரக்கு வெடிக்காது என்பதற்கு முத்திரை, தேயிலை நல்லது என்பதற்கு முத்திரை. செய்தவர் சாப்பிட்டாரா என்பதற்கு முத்திரை இல்லை. அந்த முத்திரையைச் செய்தவர்கள் தாங்களே வெட்டினால்தான் உண்டு. எர்ஸ்தாலில் வெட்டினார்கள். வெவெஸ்ஸவில் கொஞ்ச நாளாவது வெட்டினார்கள்.

நாட்சம்பளம் 1,000 ரூபா என்று 2021இல் வர்த்தமானி வந்தபோது எல்லாரும் தொகையைத்தான் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் அரைப்பேர் போடுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். கிலோவை யார் தீர்மானிக்கிறார்கள், தராசை யார் பார்க்கிறார்கள், செக்ரோலை யாருக்குத் திறந்து காட்டுவார்கள். தொகை கூடும்போது கிலோவும் கூடினால் கையில் என்ன மிஞ்சும்?

குழுவில் கேள்வி கேட்ட தோழிக்கு இதுதான் பதில். அடுத்த தடவை வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்க, எல்லாரும். அம்மாவிடமோ பாட்டியிடமோ சம்பளத் துண்டை வாங்கிப் பாருங்க. அதில் பெயர் சரியாக எழுதியிருக்கிறதா, எத்தனை முழுப்பேர், எத்தனை அரைப்பேர் என்று எண்ணுங்க. அரைப்பேர் விழுந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டு, தேதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்க. சங்கத்திடமோ தொழில் திணைக்களத்திடமோ போகிற நாளில், அந்தக் கொப்பி நம்ம கையில் இருக்கணும்.